ஏரி வற்றிய மாதம்

ரெஜினா குழி வெட்டச் சொன்ன இடம் ஒரு தென்னந்தோப்பின் நடுவில் இருந்தது. ஒட்டப்பாறை ஊருக்கு மேற்கே, செம்பாற்று அணையிலிருந்து நான்கு கிலோமீட்டர் கீழே. அறுபது மீட்டர் நீளம், ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம். பொக்லைன் ஓட்ட வந்த மாரப்பன் முதல் நாளே இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"ஏனுங் மேடம், இத்தனை ஆழத்துல எதைத் தேடறீங்க? தண்ணியா, பொதையலா?"

"பழைய நிலநடுக்கத்தை."

மாரப்பன் சிரித்துக்கொண்டே போனார். மூன்று வாரம் கழித்து, குழியின் சுவரைக் கரண்டியால் சுரண்டிச் சுத்தம் செய்து அவள் கூப்பிட்டுக் காட்டியபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மணல், அதன் மேல் கருஞ்சேறு, மறுபடி மணல், மறுபடி கருஞ்சேறு என்று சுவர் முழுக்க வரிவரியாக ஓடியது. ஓடிவந்த வரிகளெல்லாம் ஓரிடத்தில் சட்டென்று அறுபட்டு, அந்தப் பக்கம் ஒரு கை நீளம் மேலே ஏறி நின்றன.

"கத்தி வெச்சு அறுத்து, ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி வெச்ச மாதிரி இருக்குதுங்க."

"அப்படித்தான் நடந்திருக்கு. ஒரு தடவை இல்ல, நாலு தடவை."

ரெஜினா தூத்துக்குடிக்காரி. நாற்பத்து மூன்று வயது. பதினெட்டு வருடமாக மண்ணுக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருப்பவள். மனிதர்கள் எழுதி வைக்காத காலத்தில் நிலம் எங்கே, எப்போது ஆடியது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. பத்து வருடத்துக்கு முன்பு வரை அந்த வேலையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் நடந்தது என்று சொல்லலாம். முன்னூறு வருடம் முன்னே பின்னே இருக்கலாம் என்றும் கூடவே சொல்லியாக வேண்டும். இப்போது அவளுடைய வேனுக்குள் ஒரு மணல்வாசிப்பான் இருந்தது. அது வருடத்தோடு நிற்காமல் மாதத்தையும் சொன்னது.

அணையின் செயற்பொறியாளர் சபரிநாதன் ஒருநாள் குழியைப் பார்க்க வந்தபோது அந்த வேனுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

"ஃபோட்டோ கழுவற ரூம் மாதிரி இருக்கே மேடம்."

"வெளிச்சம் பட்டா மணல் எல்லாத்தையும் மறந்துரும் சார். வெயில்ல கிடக்கற மணலுக்கு வயசு பூஜ்யம். மண்ணுக்குள்ள புதைஞ்ச நிமிஷத்துலேர்ந்து சுத்தி இருக்கற பாறையோட கதிர்வீச்சு அதுக்குள்ள சேர்ந்துட்டே இருக்கும். எவ்வளவு சேர்ந்திருக்குன்னு பாத்தா, கடைசியா எப்ப வெயில் பாத்துதுன்னு தெரிஞ்சுரும்."

"கருப்பா இருக்கறது?"

"ஏரிச் சேறு. மலை சரிஞ்சு விழுந்து ஆத்தை மறிச்சிருக்கு. உங்க அணை மாதிரியேதான், யாரும் கட்டாம தானா உண்டான அணை. தண்ணி தேங்கி, ஏரியாகி, பிறகு உடைஞ்சு ஓடியிருக்கு. உங்க ஊரே அந்தப் பழைய ஏரிப் படுகை மேலதான் உக்காந்திருக்கு."

நான்கு ஏரிகள். நான்கு நிலநடுக்கங்கள். கடைசியானது ஆயிரத்து நூற்று நாற்பது வருடத்துக்கு முன்பு, முதலாவது எட்டாயிரம் வருடத்துக்கு முன்பு. ஒவ்வொரு முறையும் ஏரி இருந்த காலத்தின் கடைசியில்தான் நிலம் பிளந்திருந்தது. ஏரி இல்லாத நெடுங்காலங்களில் ஒரு முறைகூட இல்லை. அதைப் பார்த்ததும் ரெஜினாவுக்கு எல்லாம் துலங்கிவிட்டது போலிருந்தது. தண்ணீரின் பாரம் நிலத்தை அழுத்துகிறது. கசிவு ஆழத்துக்கு இறங்கிப் பிளவை வழுக்கலாக்குகிறது. ஒருநாள் நிலம் வழுக்குகிறது. அந்த ஆட்டத்தில் ஏரிக்கரை உடைந்து தண்ணீர் ஓடிவிடுகிறது. இப்போது அதே பிளவின் மேல் இருபது வருடமாக ஓர் அணை நிரம்பி நிற்கிறது.

பிளவுக்குள் விழுந்து அடைத்திருந்த மணலையும் வெளிச்சம் படாத எட்டுக் குழாய்களில் எடுத்து வைத்திருந்தாள். அவற்றை வாசிக்க நாள் பிடிக்கும், உள்ளே மணல்மணிகள் குறைவு. அதற்குள் மழைக்காலத்துக்கு முன்பே முடிவெடுக்க வேண்டும் என்று அரசு அமைத்த நிபுணர் குழு கூட்டத்தை மூன்று வாரம் முன்னுக்குத் தள்ளியது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று குழாய்களைப் பெட்டியில் போட்டுவிட்டு, அறிக்கையை எழுதினாள்.

கூட்டம் மாவட்டத் தலைநகரில் நடந்தது. இரண்டே வழி. ஒன்று ஒட்டப்பாறையின் பதினாலாயிரம் பேரையும் வேறெங்காவது குடியேற்றுவது. இன்னொன்று அணையைக் காலி செய்வது. குழுத் தலைவர் காலி செய்வதென்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டு வந்தவர் மாதிரிதான் பேசினார். நிரம்பிய அணை உடைந்தால் இருபது நிமிடத்தில் வெள்ளம் ஊருக்குள் இருக்கும். நாற்பத்தைந்து நாளில் தண்ணீர் முழுவதையும் ஆற்றில் விட்டுவிடலாம் என்றார்.

ஊராட்சித் தலைவி கோகிலவாணி எழுந்து நின்றார். ஐம்பத்தெட்டு வயது, ஒடிசலான உடம்பு, கணீரென்ற குரல்.

"நாலாயிரம் ஏக்கர் சின்ன வெங்காயம் காய் பிடிக்கற நேரமுங்க. முப்பது ஊருக்குக் குடிதண்ணி அதுலதான். மெதுவா, போகம் முடிஞ்சு விட்டா ஆகாதுங்களா?"

"நிலம் போகம் முடியற வரைக்கும் காத்திருக்குமாம்மா?" என்றார் தலைவர்.

கோகிலவாணி ரெஜினா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. தண்ணிய விட்டுப்போட்டா எங்க ஊர்ல நிலம் ஆடாதா? நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்," என்றாள் ரெஜினா. "நாலு தடவையும் அதுதான் காரணம்."

அடுத்த திங்கட்கிழமை ஆறு மதகும் திறந்தார்கள்.

இரண்டாவது வாரத்தில் வாய்க்கால் காய்ந்தது. வெங்காயத் தாள் நுனியிலிருந்து மஞ்சளாகிக் கீழே இறங்கியது. ஆறு மட்டும் கரை புரண்டு யாருக்கும் பயனில்லாமல் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. வெங்காயக் காடு காய்ந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே அத்தனை தண்ணீர் போவதைப் பார்க்க மாட்டாமல் சிலர் ஆற்றுப் பாலத்தின் வழியாக வருவதையே விட்டுவிட்டார்கள். தண்ணீர் லாரி வரும்போது தெருவில் குடங்கள் ஒன்றோடொன்று முட்டின. டீக்கடையில் ரெஜினா உட்கார்ந்தால் பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள்.

பதினெட்டாம் நாள் முதல் அதிர்வு வந்தது. பாத்திரம் கிணுகிணுத்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடி நின்றது. மறுநாள் இன்னொன்று. பிறகு தினமும். ஊரின் பேச்சு ஒரே வாரத்தில் மாறிப்போனது. அந்தம்மா சொன்னது சரிதான், நல்லவேளை தண்ணியைத் திறந்துவிட்டார்கள், இல்லையென்றால் அணையோடு போயிருப்போம் என்றார்கள். டீக்கடைக்காரர் அவளுக்கு டீயோடு ஒரு வடையும் வைத்தார்.

ரெஜினாவுக்கு அந்த வடை இறங்கவில்லை. பாரம் குறையக் குறைய அதிர்வும் குறைய வேண்டும். கூடிக்கொண்டே போகிறது.

தோப்புக்காரர் குழியை மூடித் தரச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார். மூடுவதற்கு முன்னால் பெட்டியில் கிடந்த எட்டுக் குழாய்களையும் வாசித்துவிடலாம் என்று அவள் வேனுக்குள் உட்கார்ந்தாள். நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் மத்தியானம் கதவைத் திறந்து வெளியே வந்து, தென்னை மரத்தடியில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மாரப்பன் ஓடிவந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

நிலம் பிளந்த கணத்தில் மேலே இருந்தது எதுவோ, அதுதான் பிளவுக்குள் விழும். ஏரி நிரம்பியிருந்தபோது பிளந்திருந்தால் உள்ளே வெயில் படாத கருஞ்சேறு இருக்க வேண்டும். உள்ளே இருந்ததோ வெயிலில் காய்ந்த மணல். ஏரி உடைந்து ஓடியபோது விட்டுப்போன வண்டலுக்கு ஒன்றரை மாதம் பிந்திய மணல். மூத்த மூன்று பிளவுகளிலும் அதே கதை. ஒன்றில் முப்பத்தைந்து நாள், ஒன்றில் ஐம்பது, ஒன்றில் இரண்டு மாதம். பழைய கருவி என்றால் இந்த இடைவெளி தெரிந்தே இருக்காது.

நிலம் ஆடியதால் ஏரி உடைந்தது என்று அவள் எழுதியிருந்தாள். ஏரி உடைந்ததால்தான் நிலம் ஆடியிருக்கிறது.

அன்றைக்குச் சாயங்காலமே அணைக்குப் போனாள். தண்ணீர் திறந்து முப்பத்தோராவது நாள். மூன்றில் இரண்டு பங்கு நீர் போயிருந்தது. உள்ளே மூழ்கிக் கிடந்த பழைய சாலையொன்று வெளியே தெரிந்தது. சபரிநாதன் மதகு அறையில் இருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் நாற்காலியை மெல்ல அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க மேடம்."

"ஊருக்குப் போறப்ப பெட்டியில துணிய ரொம்ப அடைச்சிட்டா மூடி மூடாது. மேல ஏறி உக்காந்தாத்தான் பூட்டு விழும். இங்க நிலம் ரெண்டு பக்கத்துலேர்ந்தும் நெருக்கிட்டு இருக்கு சார், ஒரு பக்கம் மேல ஏறப் பாக்குது. தண்ணி அது மேல உக்காந்திருந்துச்சு. பூட்டும் இல்லாத பெட்டி. நாம அவசர அவசரமா எந்திரிச்சிட்டோம்."

"மெதுவா விட்டிருந்தா?"

"தாங்கியிருக்கலாம். கோகிலவாணியம்மா கேட்டாங்களே, போகம் முடிஞ்சு மெதுவா விடலாமான்னு."

அவர் மதகின் சக்கரத்தைப் பார்த்தார். "இப்ப மூடறேன். அப்ப நிக்குமா?"

"தெரியாது சார். பாதிக்கு மேல எந்திரிச்சாச்சு. இருக்கற பாரமாவது மிஞ்சும்."

"எனக்கு மூட உத்தரவு இல்ல." பிறகு அவரே எழுந்தார். "ஷட்டர் பழுதுன்னு எழுதிக்கறேன்."

அவர் மூடினார். நான்காம் நாள் அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றி உத்தரவு வந்தது. புதிதாக வந்தவர் இரண்டு மதகைத் திறந்தார்.

ரெஜினா குழுத் தலைவருக்குப் போன் செய்தாள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலாவது பேசியிருக்கலாம்.

"ரெஜினா, தினம் அதிர்வு வருது. உங்க அறிக்கை எவ்வளவு சரின்னு நிலமே சொல்லுதே, நீங்க ஏன் பயப்படறீங்க?"

"அறிக்கை தப்பு சார். தலைகீழா எழுதிட்டேன்."

"முப்பது ஊருக்குத் தண்ணிய நிறுத்திட்டு, இப்பத் தலைகீழ்னு சொன்னா நாளைக்கு யாரும்மா நம்புவா? எழுதி அனுப்புங்க. மூணு பேர் பாக்கணும். பத்துப் பதினைஞ்சு நாள்ல சொல்றேன்."

மிஞ்சியது ஒரே ஒரு ஆள். ஊராட்சி அலுவலக வாசலில் தண்ணீர் லாரிக்கு வரிசை நின்றது. கோகிலவாணி வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தவர், ரெஜினாவைப் பார்த்ததும் உள்ளே வரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டார்.

"அன்னைக்கும் இதே மொகத்தோடதான் சொன்னீங்க," என்றார் கடைசியில்.

"ஆமாங்க," என்றாள் ரெஜினா.

"எப்ப வரும்?"

"தெரியாதுங்க. நாளைக்கு வரலாம். ஒரு மாசம் ஆகலாம். வராமலேகூட போகலாம்."

கோகிலவாணி ஜன்னல் வழியாக வரிசையைப் பார்த்தார். "அன்னைக்கு எல்லாம் தெரியும்னீங்க. இன்னைக்குத் தெரியாதுங்கறீங்க. இன்னைக்குச் சொல்றதுதான் நெசமாட்ட இருக்குது. ஆனா நீங்களே சொல்லணும் அம்மணி. நான் சொன்னா அரசியல் பண்றேன்னுவாங்க."

சந்தைத் திடலில் ஊரைக் கூட்டினார்கள். ரெஜினா மைக்கைப் பிடித்து, நான் சொன்னது தப்பு என்று தொடங்கினாள். முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. பிடிபட்டதும் கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து, கத்தலாயிற்று. வீட்டுக்குள் இருக்க வேண்டாம், திடலிலும் பள்ளி மைதானத்திலும் கொட்டகை போட்டுத் தங்குங்கள், பள்ளிக்கூடத்தை மூடுகிறோம் என்று அவள் சொல்லும்போது, முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். சிவநேசன், கோகிலவாணியின் தம்பி.

"ஒருக்கா இந்தம்மா பேச்சைக் கேட்டு என்ற காடு கருகிப் போச்சு. இப்ப ஊட்டை உட்டு வெளிய வாங்கறாங்க. நாளைக்கு மறுபடி தப்புன்னு சொல்லுவாங்க. நான் வர மாட்டேன்." அக்காவின் பக்கம் திரும்பினார். "நீயுமா அக்கா?"

"சொன்னதைக் கேளு சிவா."

"கேட்டாச்சு. போதும்."

அவர் பின்னால் நிறையப் பேர் போனார்கள். போகாதவர்களும் நிறைய இருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஊர் திடலுக்கு வந்துவிட்டது. தார்ப்பாய், கயிற்றுக் கட்டில், மாடு, கோழிக்கூடு, எல்லாம். முதல் மூன்று நாள் திருவிழா மாதிரி இருந்தது. நான்காம் நாள் மழை. ஆறாம் நாள் குழந்தைகளுக்குக் காய்ச்சல். எட்டாம் நாளிலிருந்து, பயம் தூங்கும்போதுதானே, பகலில் என்ன என்று பெண்கள் சமைக்கவும் குளிக்கவும் வீட்டுக்குப் போய்வரத் தொடங்கினார்கள். போகாதீர்கள் என்று ரெஜினா தெருத்தெருவாக நடந்தாள். சிவநேசன் வீட்டு வாசலில் நின்றும் கூப்பிட்டாள். அவர் உள்ளே இருந்தபடியே, "தண்ணி கெடைச்சுதுங்களா மேடம் உங்களுக்கு? எங்களுக்கு இன்னைக்கு லாரி வரலை," என்றார். அவர் மனைவி அருக்காணி மட்டும் கதவருகே வந்து, கண்ணால் மன்னிப்புக் கேட்பதுபோல் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

பதினோராம் நாள், காலை பத்து நாற்பது.

ரெஜினா திடலில் மருந்து வாங்க நின்றவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். முதலில் மாடுகள் ஒரே சமயத்தில் எழுந்தன. பிறகு சத்தம், மேற்கே யாரோ கல் லாரியைக் கவிழ்த்ததுபோல. அது நெருங்கி வந்து காலுக்கடியில் நுழைந்தது. அவள் கீழே விழுந்தாள். எழ முயன்று மறுபடி விழுந்தாள். தரை தரையாக இல்லை. ஈரத்துணியை யாரோ இரண்டு கையாலும் உதறினாற்போல் இருந்தது. தோப்பில் தென்னைகள் மண்ணைத் தொடுமளவு சாய்ந்து நிமிர்ந்தன. திடலின் நடுவே மண் கொப்புளித்துச் சேறும் மணலும் பீறிட்டன. ஊர்ப் பக்கம் பழுப்பாகப் புழுதி எழுந்தது. முப்பத்தெட்டு விநாடி.

நின்றதும் எல்லோரும் ஊரைப் பார்த்து ஓடினார்கள்.

மாரப்பன் பொக்லைனோடு வந்தார். இருட்டும் வரை, மறுநாளும், அதற்கு மறுநாளும் தோண்டினார்கள். பழைய நிலநடுக்கத்துக்குக் குழி வெட்டிய அதே ஆட்கள். பெரும்பாலும் சமையலறைகளில் கிடைத்தார்கள். அடுப்பு அணையாத சமையலறைகள். அருக்காணி குடத்தோடு கிடைத்தார். லாரி வந்திருந்தது போலும், குடத்தில் தண்ணீர் இருந்தது. சிவநேசன் அவருக்கு இரண்டடி தள்ளி. தம்பியின் முகத்து மண்ணைக் கோகிலவாணி சேலை முந்தானையால் துடைத்தார். அழவில்லை. "அடுத்த தெருவுல எத்தனை பேரு இன்னும்?" என்று மாரப்பனிடம் கேட்டுக்கொண்டு நடந்தார்.

முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்.

அணையின் இடது தோளில் ஆள் நுழையும் அளவு விரிசல் விட்டிருந்தது. பின்னால் நின்ற கொஞ்சத் தண்ணீர் விரிசலை எட்டவில்லை. அணை நின்றது.

இதுதான் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தது. நிரம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாத் தொலைக்காட்சியிலும் படம் போட்டுக் காட்டினார்கள். நீல வெள்ளம் ஒட்டப்பாறையைத் துடைத்துக்கொண்டு போகும் படம். குழுத் தலைவர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, சேறு பூசிய கையோடு நின்ற ரெஜினாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பதினாலாயிரம் உயிரைக் காப்பாத்தியிருக்கு உங்க அறிக்கை."

"சார், தண்ணிய விடலைன்னா இது இன்னைக்கு வந்திருக்காது. நான் அனுப்பினது உங்ககிட்ட இருக்கு."

"பாத்தேன். அந்தக் குழி எங்க இப்ப?"

குழி இல்லை. இரண்டு சுவரும் சரிந்து மூடிக்கொண்டுவிட்டன. எட்டுக் குழாய் மணலும் வாசித்து முடித்ததோடு சரி. வாசித்த மணல் வெளிச்சம் பார்த்த மணல்தான், இன்னொருவர் வாசிக்க முடியாது.

"நீங்க துக்கத்துல இருக்கீங்க," என்றார் அவர் கனிவாக. "கொஞ்ச நாள் லீவு எடுங்க. இதே மாதிரி பிளவு மேல இன்னும் ஒன்பது அணை இருக்கு. எல்லாத்தையும் வரிசையா இறக்கப் போறோம். உங்க பேர்லயேதான் அந்த வழிமுறை வரப்போகுது."

அவள் பதிலுக்குச் சொன்னது எதுவும் கிளம்பிய ஹெலிகாப்டர் சத்தத்தில் கேட்டிருக்காது.

குழுவிடமிருந்து ஊராட்சிக்கு ஒரு கடிதம் வந்தது. உயிர் காத்த அறிக்கைக்காக ரெஜினாவுக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டு அனுப்பும்படி. கோகிலவாணி அதை எடுத்துக்கொண்டு நிவாரணக் கொட்டகைக்கு வந்தார். ரெஜினா அங்கேதான் தங்கியிருந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன் அம்மணி. சுத்தி வளைக்காம சொல்லோணும். தண்ணிய விடலைன்னா நிலம் ஆடியிருக்குமா?"

"என்னைக்காவது ஆடியிருக்கும். நூறு வருஷமோ, ஐந்நூறு வருஷமோ கழிச்சு. இந்த மாசம் ஆடியிருக்காது."

"அப்ப சிவா இருந்திருப்பான்."

"இருந்திருப்பார்."

கோகிலவாணி கடிதத்தை மடித்தார். இன்னும் மடித்தார், விரலளவு ஆகும்வரை. எழுந்து போய்விட்டார். இனி இந்த ஊர் முகத்தில் விழிக்க முடியாது என்று ரெஜினா பையைக் கட்டினாள். எங்கே போவதென்று தெரியாமல் கட்டிய பையின் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலையில் அவர் திரும்பி வந்தார். கையில் ஊராட்சித் தாள். இரண்டு நாள் அழுதவர் போலக் குரல் கரகரத்திருந்தது.

"தீர்மானம் எழுதியிருக்கறேன். படிச்சுப் பாருங்க, மண்ணு சமாச்சாரம் சரியா இருக்கான்னு."

அதில் இப்படி இருந்தது: 'அணைத் தண்ணீரை அவசரமாகத் திறந்துவிட்டதால்தான் எங்கள் ஊரில் நிலம் ஆடியது என்று, திறக்கச் சொன்னவரே சொல்கிறார். முன்னூற்றுப் பன்னிரண்டு பேரை இழந்த நாங்கள் அதை நம்புகிறோம். பிளவின் மேல் அணை உள்ள மற்ற ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.' கீழே உறுப்பினர்கள் எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. ஒருவர் மட்டும் கைநாட்டு வைத்திருந்தார். அவருடைய வலது கை கட்டுப் போட்டிருந்தது.

"இதை அனுப்பினா உங்க மேல கேஸ் வரும். உள்ள தள்ளினாலும் தள்ளுவாங்க," என்றார் கோகிலவாணி.

"வரட்டும்ங்க."

"உங்களைக் காப்பாத்த எழுதல. மன்னிச்சிட்டேன்னும் நெனைக்க வேண்டாம்."

"தெரியும்." ரெஜினா கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். திறக்கச் சொன்னவர் என்ற இடத்தில் பெயரையும் முழுதாக எழுதினாள்.

ஒன்பது ஊராட்சிக்கும் ஒன்பது அணைக்கும் பதிவுத் தபாலில் போயிற்று. இரண்டு பத்திரிகை உள்பக்கத்தில் போட்டன, துயரத்தில் குழம்பிய ஊர் என்று. குழுவிலிருந்து மருத்துவ விடுப்புக்கான உத்தரவு ரெஜினாவுக்கு வந்தது. வழக்குக்கூட வரவில்லை. வழக்கு வந்தால் நீதிமன்றத்திலாவது சொல்லலாம் என்று அவள் காத்திருந்தாள்.

தபால் போன நாற்பதாம் நாள் போன் வந்தது. கோகிலவாணியும் அவளும் புதிதாகப் பிளந்த நிலத்தின் ஓரமாக நின்றிருந்தார்கள். ரெஜினா இன்னொரு குழி வெட்ட இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். அரசு அனுமதி இல்லை. மாரப்பன் வாடகை வேண்டாமென்று பொக்லைனை ஓட்டிவந்து நிறுத்தியிருந்தார்.

"ரெஜினா மேடமா? நான் கருவேலாற்று அணையிலேர்ந்து பேசறேன். உதவிப் பொறியாளர், பேரு இளம்பரிதி." இளம் குரல், உற்சாகம் ததும்பியது. "உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு ரொம்ப நாளா ஆசை. உங்க வழிமுறைப்படி எங்க அணையும் இறக்கிட்டோம் மேடம். நாற்பத்தைஞ்சு நாளுன்னு போட்டிருந்துச்சு, நாங்க முப்பதுலயே முடிச்சிட்டோம். மாநிலத்துலயே நாங்கதான் முதல்."

ரெஜினா போனை இறுகப் பிடித்தாள். "தபால் வரலையா உங்களுக்கு? ஒட்டப்பாறையிலேர்ந்து."

"தபாலெல்லாம் ஆபீஸ்ல பிரிப்பாங்க மேடம். நான் மதகுலயே கிடக்கேன்."

"அதிர்வு ஏதாவது?"

"வருதே! நாலு நாளா வருது. எங்க ஊர்ல எல்லாரும் கையெடுத்துக் கும்பிடறாங்க, நேரத்துல காலி பண்ணிட்டோம்னு."

"தம்பி, கீழ எத்தனை பேர் இருக்காங்க?"

"கருவேலூர்ல இருபத்திரண்டாயிரம். ஏன் மேடம்?"

அவள் சொன்னாள். ஆரம்பத்திலிருந்து, மூச்சு விடாமல், பெட்டியையும் மூடியையும் சொல்லி, முன்னூற்றுப் பன்னிரண்டையும் சொன்னாள். அந்தப் பையன் பேசினான். குரலில் இப்போது உற்சாகம் எதுவும் இல்லை.

"மேடம், எனக்குத் திறக்கறதுக்குத்தான் உத்தரவு இருக்கு. ஊரைக் காலி பண்ணச் சொல்ல நான் யாரு?"

கோகிலவாணி அதற்குள் பொக்லைன் ஏணியில் கால் வைத்து ஏறி, மாரப்பனிடம் ஏதோ சொல்லி, அவருடைய ஜீப் சாவியை வாங்கிக்கொண்டு இறங்கியிருந்தார்.

"எவ்வளவு தூரம்?" என்றார்.

"இருநூத்து அறுபது கிலோமீட்டர்."

"அங்க ஊராட்சித் தலைவர் யாருன்னு அந்தத் தம்பிகிட்டக் கேளுங்க. நம்பர் வாங்குங்க. வண்டியில போகப் போகப் பேசறேன்."

ரெஜினா எண்ணைக் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். மணி பத்தேகால். கருவேலூரில் இந்நேரம் சமையல் நடந்துகொண்டிருக்கும்.